குரலுக்கு ஒரு மதகு

விஞ்ஞானத் தமிழ் சில சமயம் தன்னை அறியாமலே கவிதை பாடிவிடுகிறது. ‘ஃபீல்ட் எஃபெக்ட் ட்ரான்ஸிஸ்டர்’ என்னும் மின்னணுச் சாதனத்துக்குத் தமிழில் பெயர் தேடியவர்கள் ‘புலவிளைவு ட்ரான்ஸிஸ்டர்’ என்று வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது மின்புலமும் அதனால் உண்டாகும் விளைவும்தான். ஆனால் நாமக்கல்லுக்குத் தெற்கே பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் வேறு விதமாகத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வார். புலம் என்றால் நிலம். விளைவு என்றால் விளைச்சல். “தண்ணி மட்டும் நேரத்துக்கு வந்துட்டா நல்ல விளைவுதானுங்க” என்று பதில் சொல்லிவிடுவார்.

அந்தப் பதில் ஒரு வகையில் சரியான பதிலே. இந்தச் சாதனத்துக்கு மூன்று முனைகள் உண்டு. 1952-ஆம் ஆண்டில் இதன் தத்துவத்தை விளக்கிக் கட்டுரை எழுதிய அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஷாக்லி அந்த மூன்றுக்கும் ஸோர்ஸ், கேட், டிரெய்ன் என்று பெயர் வைத்தார். ஊற்று, கதவு, வடிகால்! ஊற்றிலிருந்து வடிகாலுக்கு மின்சாரம் ஓடும் பாதைக்குப் பெயர் சானல், அதாவது வாய்க்கால். நம் ஊர்ப் பொதுப்பணித் துறை ஓவர்சியர் ஒருவர் உட்கார்ந்து பெயர் வைத்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

எனக்கு மின்சாரம் படிப்பு அல்ல. கதை எழுதுவதே தொழில். ஆனாலும் ஒரு சொல் கையில் அகப்பட்டால் அதன் வேர் எங்கே ஓடுகிறது என்று தோண்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் நின்றுகொண்டு இந்தச் சொல்லைத் தோண்டினால் ஒரு பழைய கேள்வி வெளிப்படுகிறது. சிறிய கை ஒன்று பெரிய ஓட்டத்தை எப்படி ஆள்வது? மதகு கட்டியவர்கள் கேட்ட கேள்வியும் அதுதான்; மைக்கும் ஒலிபெருக்கியும் செய்தவர்கள் கேட்ட கேள்வியும் அதுதான்.

முதலில் மதகைப் பார்ப்போம். நாமக்கல் வட்டாரத்தில் காவிரிக் கரையில் ஜேடர்பாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து பிரிகிற ராஜவாய்க்காலைப் பற்றிப் பேசும்போது அல்லாள இளைய நாயக்கர் என்ற பெயரை அந்தப் பக்கத்து மக்கள் நன்றியோடு சொல்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அந்த வாய்க்காலை வெட்டுவித்தவர் அவர். காவிரி அகண்டு பெருகி ஓடுவது ஒருவருக்கும் சொந்தமான காரியம் அல்ல. ஆனால் அதிலிருந்து ஒரு கையளவு திருப்பி, வேண்டிய நேரத்தில் திறந்து, வேண்டாத நேரத்தில் அடைக்கத் தெரிந்தால் வறண்ட மேடு கொடிக்காலாக மாறிவிடுகிறது. ஆற்றின் பலத்தை மனிதன் தன் சொல் கேட்கச் செய்வது மதகினால்தான்.

அதே காவிரியில், அதே சேலம் ஜில்லாவில், 1925-இல் மேட்டூர் அணை வேலை ஆரம்பமாயிற்று, 1934-இல் முடிந்தது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர். முழுவதும் நிறைந்தால் 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. வெள்ளம் மிஞ்சும்போது திறந்துவிடுகிற ‘பதினாறு கண் மதகை’ச் சேலத்துக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அவ்வளவு பெரிய நீர்மலையின் முன்னால் மதகை இயக்குகிற லஸ்கர் சாதாரண மனிதர். அவருடைய கையில் பலம் இல்லை. பலம் முழுவதும் தண்ணீரில் இருக்கிறது. அவர் செய்வதெல்லாம் வழியைக் கொஞ்சம் அகலமாக்குவதும் கொஞ்சம் குறுக்குவதும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் ஒலிபெருக்கியைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. ‘பெருக்கி’ என்ற பெயரே நம்மைச் சற்று ஏமாற்றுகிறது. ஏதோ சின்னக் குரலை இழுத்து, நீட்டி, ஊதிப் பெரிதாக்கிவிடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒன்றும் நடப்பதில்லை. நாம் சாதாரணமாகப் பேசும்போது வாயிலிருந்து புறப்படுகிற ஒலிச்சக்தி, ஒரு வாட்டை லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அதை எப்படி இழுத்தாலும் அது ஒரு மைதானத்தை நிரப்பாது. நடப்பது வேறு. எங்கிருந்தோ வருகிற பெரிய மின்சார ஓட்டம் ஒன்று தயாராகக் காத்திருக்கிறது. குரல் அதன் மதகில் கையை வைக்கிறது. குரல் ஏறும்போது மதகு ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. பெரிய ஓட்டம் சிறிய குரலின் வடிவத்தில் வெட்டுப்பட்டு ஓடுகிறது. நம் காதில் விழுவது அந்தப் பெரிய ஓட்டம்தான்.

இந்த வித்தை தெரியாத காலத்திலும் இந்தச் சமவெளியில் குரல் இருந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து பார்த்தால் காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908-இல் பிறந்த சுந்தராம்பாளின் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920-களின் பிற்பகுதியில் மேடையேறியபோது அவர்கள் முன்னால் மைக் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கியவனும் காசு கொடுத்தவன்தானே? அவனுக்கும் கேட்க வேண்டும். ஆகவே அந்தக் காலத்தில் நடிகர் ஆவதற்கு முதல் தகுதி நுரையீரல், இரண்டாவது தொண்டை, மற்றத் தகுதிகள் எல்லாம் அப்புறம்தான். மூன்று ஸ்தாயியிலும் நின்று பேசக்கூடிய சாரீரம் இல்லாதவர்கள், எவ்வளவு நுட்பமான ஞானம் இருந்தாலும், வீட்டுத் திண்ணையில் பாடிக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை மெல்லிய குரல்கள் அப்படித் திண்ணையோடு நின்று போயினவோ!

மேலைநாட்டில் இதற்குள் மதகு கண்டுபிடித்துவிட்டார்கள். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழைக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைக் குறுக்கே வைத்தார். இழையிலிருந்து தகட்டுக்கு எலெக்ட்ரான்கள் பாய்கின்றன. வலைக்குச் சிறிது மின்னழுத்தம் கொடுத்தால் ஓட்டம் கூடும். மாற்றிக் கொடுத்தால் குறையும். அதுதான் ‘வால்வு’. ஆங்கிலேயர்கள் வைத்த அந்தப் பெயருக்கும் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அடைப்பான் என்றுதான் பொருள். வால்வு வந்த பிறகு நீண்ட தூர டெலிபோன் வந்தது, ரேடியோ வந்தது, பேசும் படம் வந்தது.

தமிழில் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931-இல் வெளியாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர், 1930-களின் நடுவில் ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937-இல் ‘சதி அகல்யா’ வந்தது, 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ அங்கேதான் உருவாயிற்று, 1940-இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேஷம் போட்ட ‘உத்தம புத்திரன்’. 1950-இல் ‘மந்திரி குமாரி’. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. வசனத்துக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் படம் பார்த்த காலம் அது. அந்த வசனங்கள் எல்லாம் வால்வுகளின் வழியாகப் பிலிமில் ஏறி, வால்வுகளின் வழியாகவே கொட்டகையில் இறங்கின.

‘சதி அகல்யா’ வெளியான அதே 1937-இல் இன்னொன்றும் நடந்தது. மேட்டூர் அணையின் அடிவாரத்தில் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கிற்று. எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுவே. மேட்டூர் மின்சாரம் வந்து சேர்ந்த ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் கதாநாயகன் வீரவசனம் பேசுகிறான், கொட்டகை அதிர்கிறது. அந்த அதிர்ச்சிக்குப் பலம் கொடுத்தது யார்? நடிகரின் நெஞ்சு அல்ல. காவிரி! மேட்டூரில் விழுந்த தண்ணீர், சக்கரத்தைச் சுற்றி, கம்பியில் ஏறி வந்து, நடிகரின் குரல் வெட்டிய வடிவத்தில் ஒலிபெருக்கியை அசைக்கிறது. கீழே வாய்க்காலில் அதே தண்ணீர் நெல்லுக்குப் பாய்கிறது. ஒரே ஆறு, இரண்டு மதகுகள்.

இந்த இரண்டாவது மதகு செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. இரைந்து பாடுகிறவர்களை மட்டும் அது வாழவைக்கவில்லை. மெல்லப் பாடுகிறவர்களுக்கும் இடம் கொடுத்தது. ஏ. எம். ராஜாவின் குரலை நினைத்துப் பாருங்கள்; பி. பி. ஸ்ரீநிவாஸின் குரலை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்கிற மாதிரியான குரல்கள். கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகையில் அவை மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்குமா? மைக்கும் வால்வும் வந்த பிறகு அந்தக் குரல்கள் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தன. உரத்துச் சொல்வதே சொல்வது என்ற பழைய சட்டம் அன்றோடு ரத்தாயிற்று.

ஆனால் வால்வுக்குக் குறைகள் உண்டு. அது கண்ணாடி; தட்டினால் உடையும். சூடான பிறகுதான் பேசும். இழையைச் சூடேற்றவே ஏகப்பட்ட மின்சாரம் தின்னும். கூலி கொடுத்தே ஓட்டாண்டி ஆகிற பண்ணையார் கதைதான். கண்ணாடி வேண்டாம், சூடு வேண்டாம், வெறும் கல்லுக்குள்ளேயே மதகு வைக்க முடியாதா என்று ஒருவர் யோசித்தார். அவர் பெயர் ஜூலியஸ் எட்கர் லிலியன்ஃபெல்ட். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில் 1882-இல் பிறந்தவர். ஜெர்மனியில் லைப்சிக் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனவர். மேட்டூரில் அணை வேலை ஆரம்பமான அதே 1925-இல் அவர் கனடாவில் ஒரு பேடண்ட் உரிமைக்கு மனுப் போட்டார். மறு வருஷம் அமெரிக்காவில். 1930-இல் அமெரிக்கப் பேடண்ட் கிடைத்தது.

அவர் சொன்ன யோசனை அவ்வளவு எளிமையானது. மின்சாரத்தை நன்றாகவும் கடத்தாமல், முழுவதும் தடுக்கவும் செய்யாமல் நடுத்தரமாக இருக்கிற ஒரு பொருளை மெல்லிய படலமாகப் பூசு. அதன் இரு ஓரங்களிலும் கம்பி வை. படலத்துக்குப் பக்கத்தில், ஆனால் அதைத் தொடாமல், ஒரு தகட்டை வை. தகட்டுக்கு மின்னழுத்தம் கொடு. அதன் புலம் இடைவெளியைத் தாண்டிப் போய்ப் படலத்தில் உள்ள மின்னூட்டங்களை இழுக்கும் அல்லது விரட்டும். படலத்தின் வழியாக ஓடும் மின்சாரம் கூடும் அல்லது குறையும். தொடாமலே திறக்கிற மதகு!

1934-இல் ஜெர்மனியில் ஆஸ்கர் ஹைல் என்பவரும் இதே மாதிரி ஒன்றுக்கு மனுப் போட்டார். மேட்டூர் அணை முடிந்த வருஷம் அது. இங்கே சேலம் ஜில்லாவில் கல்லும் சுண்ணாம்புமாகப் பெரிய மதகு எழும்பி முடிந்துவிட்டது. அங்கே அணுவளவு மதகு காகிதத்திலேயே நின்றது.

ஏன் நின்றது? யோசனையில் தவறு இல்லை, சரக்கில்தான் கோளாறு. அந்தக் காலத்தில் வேண்டிய அளவுக்குச் சுத்தமான பொருள் கிடைக்கவில்லை. 1945-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ஷாக்லி இதே யோசனையைத் தானும் சிந்தித்துப் பரிசோதனை செய்தார். கணக்குப்படி நடக்க வேண்டியது நடக்கவில்லை. மறு வருஷம் ஜான் பார்டீன் காரணம் சொன்னார். புலம் எலெக்ட்ரான்களை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் வந்த எலெக்ட்ரான்கள் பொருளின் மேற்பரப்பிலேயே மாட்டிக்கொள்கின்றன. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பந்தலுக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொண்ட மாதிரி. கூட்டம் உண்டு, நடமாட்டம் இல்லை. அது மட்டுமல்ல, வாசலில் உட்கார்ந்தவர்களே புலம் உள்ளே போகாதபடி மறைத்தும் விடுகிறார்கள்.

அந்த வாசல் கூட்டத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதுதான், 1947 டிசம்பரில், பார்டீனும் வால்டர் பிராட்டைனும் வேறொரு வழியில் தற்செயலைப் போல முதல் ட்ரான்ஸிஸ்டரைக் கண்டார்கள். தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. கிடைத்தது உலகத்தையே மாற்றிற்று. 1956-இல் ஷாக்லி, பார்டீன், பிராட்டைன் மூவருக்கும் நோபெல் பரிசு வந்தது. தேடிய புலவிளைவு விஷயத்திலோ, லிலியன்ஃபெல்டின் பழைய பேடண்ட் குறுக்கே நின்றதால் அவர்களால் விரிவான உரிமை கோர முடியவில்லை. செய்யாதவரின் காகிதம், செய்ய முயன்றவர்களின் வழியை மறித்தது. வக்கீல்களுக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேலை இருக்கத்தான் செய்கிறது.

ட்ரான்ஸிஸ்டர் கைக்கு வந்துவிட்ட பிறகு புலவிளைவு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வாய்க்கால் பாஷையிலேயே சொல்கிறேன். சாதாரண ட்ரான்ஸிஸ்டரில் மதகைத் திறக்க வேண்டுமானால் மதகுக்காரனுக்குக் கொஞ்சம் தண்ணீர் கூலியாகக் கொடுக்க வேண்டும். பெரிய ஓட்டம் நூறு குடம் என்றால் ஒரு குடம் கூலி. புலவிளைவு ட்ரான்ஸிஸ்டரில் கூலியே கிடையாது. கண் ஜாடை காட்டினால் போதும். கதவு முனைக்கு மின்னழுத்தம் வேண்டும். நின்று ஓடுகிற மின்சாரம் கிட்டத்தட்டத் தேவையில்லை. அதன் உள்ளே நுழைய முயல்கிற மின்சாரத்துக்கு எதிரே நூறு கோடி ஓம் என்ற கணக்கில் தடை நிற்கிறது.

ஷாக்லியின் 1952-ஆம் வருஷத்துத் திட்டப்படி மறு ஆண்டு டேஸி, ராஸ் என்ற இரண்டு பேர் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஒரு துண்டுப் பொருளை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு கரைகளிலும் மாற்று ஜாதிப் பொருளைப் பதிக்கிறார்கள். கரைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் கரையோரத்தில் எலெக்ட்ரான்கள் விலகிப்போய் ஒரு வறண்ட பட்டை உண்டாகிறது. அழுத்தம் கூடக் கூட வறட்சி இரு பக்கமும் பரவி வாய்க்கால் ஒடுங்குகிறது; கடைசியில் அடைபட்டே போகிறது. அழுத்தம் குறைந்தால் மறுபடி அகலுகிறது.

பெருக்கம் எங்கே வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கதவில் ஒரு வோல்ட் மாறினால் வாய்க்காலில் 2 மில்லி ஆம்பியர் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிகால் பக்கம் 5,000 ஓம் தடை ஒன்றைக் கட்டுகிறோம். இப்போது குரல் வந்து கதவில் நூற்றில் ஒரு பங்கு வோல்ட் அசைக்கிறது. ஓட்டம் 0.02 மில்லி ஆம்பியர் மாறும். அது 5,000 ஓமில் ஓடும்போது பத்தில் ஒரு பங்கு வோல்ட் அசையும். ஒன்று பத்தாயிற்று. அந்தப் பத்தை அடுத்த மதகின் கதவில் கொடுத்தால் அது மேலும் பெருகும். தலைவாய்க்கால், கிளைவாய்க்கால் மாதிரி வரிசையாக அடுக்கிக்கொண்டு போவதே ஆம்ப்ளிஃபயர்.

லிலியன்ஃபெல்ட் கண்ட உண்மையான கனவு, அதாவது தொடாத தகடு, 1959-60-இல்தான் பலித்தது. பலிக்கச் செய்தவர்கள் இரண்டு பேர்: எகிப்தில் பிறந்த முகம்மது அட்டாலா, கொரியாவில் பிறந்த தாவோன் காங். சிலிக்கன் என்பது மணலில் இருக்கிற சரக்குதான். காவிரிப் படுகையில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்கிற மணலிலும் அது இருக்கிறது. சுத்தம் செய்த சிலிக்கனை ஆக்ஸிஜனில் சூடேற்றினால் அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தோல் வளர்கிறது. இரும்புக்குத் துரு மாதிரி, சிலிக்கனுக்கு இது துரு. இரும்பை அழிக்கிற துருவுக்கு நேர்மாறாக, இந்தத் துரு வாசலில் உட்கார்ந்த கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது என்று அட்டாலா கண்டார். அந்தத் தோலின் மேல் உலோகக் கதவை வைத்தார்கள், புலம் உள்ளே போயிற்று, எலெக்ட்ரான்கள் நடமாடின. உலோகம், ஆக்ஸைடு, குறைகடத்தி என்ற மூன்று அடுக்குகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு ‘மாஸ்பெட்’ என்று பெயர் வந்தது.

முப்பத்தைந்து வருஷம்! லிலியன்ஃபெல்ட் அதைப் பார்க்கவாவது உயிரோடு இருந்தார். 1963-இல் காலமானார். அதே 1963-இல்தான் சேலத்தில் டி. ஆர். சுந்தரமும் காலமானார். ஒருவரை மற்றவர் அறிந்திருக்க நியாயமில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டுப் பின்னால் மூடப்பட்டது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. லிலியன்ஃபெல்டுக்கும் அந்த மாதிரி ஒரு வளைவுதான் மிச்சம்: ஒரு பேடண்ட் எண். ஆனால் அவர் வேறொரு விதத்திலும் ஒலிபெருக்கிக்குள் புகுந்துகொண்டார். எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்ஸர் என்று மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற டப்பி ஒன்று எந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாலும் கண்ணில் படும். அதைப் பற்றியும் அவர் ஆராய்ந்து பேடண்டுகள் வாங்கியிருந்தார். மதகை நினைத்தவர் குளத்தையும் நினைத்திருக்கிறார்.

ஒலிபெருக்கித் தொழிலில் புலவிளைவு ட்ரான்ஸிஸ்டர் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது: ஆரம்பத்திலும் முடிவிலும்.

ஆரம்பம் என்பது மைக். 1962-இல் பெல் ஆராய்ச்சிச் சாலையிலே ஸெஸ்லர், வெஸ்ட் என்ற இருவர், மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பிலிமை வைத்து மைக் செய்தார்கள். குரல் பட்டதும் பிலிம் அசைகிறது, அழுத்தம் மாறுகிறது. ஆனால் அந்த மின்னூட்டம் மிகமிகச் சொற்பம். ‘எங்கே, கொஞ்சம் கொடு பார்க்கலாம்’ என்று யாராவது கை நீட்டினால் அவ்வளவுதான், குரல் மறைந்துவிடும். கூலி கேட்கிற மதகு அங்கே உதவாது. ஒன்றையும் வாங்கிக்கொள்ளாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். புலவிளைவு ட்ரான்ஸிஸ்டர் அப்படிப்பட்டவர். பட்டாணி அளவு மைக்கின் வயிற்றுக்குள் அது உட்கார்ந்துகொண்டது. பட்டிமன்றப் பேச்சாளர் சட்டையில் செருகிக்கொள்ளும் காலர் மைக்கில் இருப்பது அதுதான். இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலும் சிலிக்கனிலேயே செதுக்கிய மைக் இருக்கிறது. அதன் பக்கத்திலும் இதே ஜாதி ட்ரான்ஸிஸ்டர்கள்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கின்றன. ஒலிப்பதிவுக் கூடங்களில் பேர்போன ஜெர்மானிய நாய்மன் மைக்கும், ‘யு 87’ என்ற மாதிரியில், 1967-இல் வால்வை விட்டு இதற்கு மாறிற்று.

முடிவு என்பது ஸ்பீக்கரை அசைக்கிற இடம். 1974-இல் ஜப்பானின் யமாஹா கம்பெனி புலவிளைவு ட்ரான்ஸிஸ்டர்களே ஸ்பீக்கரை அசைக்கும்படி ஓர் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தது. 1977-இல் ஹிட்டாச்சி பவர் மாஸ்பெட்டைக் கொண்டுவந்தது. அதன் குணாதிசயத்தை எனக்கு விளக்கியவர் ஒரு புத்தகம் அல்ல, நாமக்கல்லில் மைக் செட் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவர். லாரிகளுக்குப் பாடி கட்டுகிற அந்த ஊரில், லாரியில் பாட்டுக் கேட்கும் பெட்டியிலிருந்து திருவிழா ஆம்ப்ளிஃபயர் வரை எல்லாம் அவர் மேஜைக்கு வரும். எரிந்துபோன கறுப்புத் துண்டு ஒன்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தள்ளிக் காட்டினார்.

“இது மாஸ்பெட்டுங்க. பழைய ட்ரான்ஸிஸ்டர் சூடானா இன்னும் இன்னும்னு கரண்டை இழுத்துக்கும். இழுத்து இழுத்துத் தானே செத்துப்போகும். இது அப்படியில்லீங்க. லோடு அதிகமாகிச் சூடானா கொஞ்சம் அடங்கும்.”

“அப்படியானால் இது ஏன் செத்தது, அண்ணா?”

“கையில தொட்டிருப்பாங்க. இதுக்குப் பசி இல்லீங்க, ஆனா ரோஷம் அதிகம். நம்ம உடம்புல இருக்கிற கரண்டே போதும், காலை உரசிட்டு வந்து தொட்டா கேட்டு ஓட்டை விழுந்துரும்.”

பிறகு விசாரித்தேன், அவர் சொன்னது அட்சர லட்சம் பெறும். அந்தக் கண்ணாடித் தோல் தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உடம்பில் உரசிச் சேர்கிற மின்சாரம் பட்டாலே பொத்துவிடும். பெரிய வெள்ளத்தை ஆளுகிற மதகுக்கு இவ்வளவு மெல்லிய தோல். ஆளுகிறவர்களுக்குத் தோல் தடிப்பாக இருக்க வேண்டும் என்ற உலக நியாயம் சிலிக்கனுக்குப் பொருந்தவில்லை.

இப்போது வருகிற ஆம்ப்ளிஃபயர்களில் மதகு இயங்குகிற முறையே மாறிவிட்டது. பாதி திறந்த மதகில் தண்ணீர் மோதி இரைந்து பலத்தை வீணாக்கும். மின்சார மதகில் அந்த வீண் சூடாக வெளிப்படும். ஆகவே இப்போது முழுக்கத் திறந்து முழுக்க மூடிவிடுகிறார்கள், விநாடிக்குச் சில லட்சம் தடவை. எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதில் குரலின் வடிவம் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் ‘முறை’ வைத்துப் பாய்ச்சுவார்கள் அல்லவா, இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று? அதேதான். அத்தனை வேகத்துக்கு ஈடுகொடுக்க மாஸ்பெட்டினால் முடிகிறது. முன்பு இரண்டு ஆள் தூக்கிய பெட்டியின் வேலையை இன்று பாட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி செய்வதற்குக் காரணம் இது.

மதகு எளிதானால் வாய்க்கால் பெருகும். வாய்க்கால் பெருகினால் சண்டையும் பெருகும். மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் வேப்பமரத்துக்கு ஒரு கூம்பு ஸ்பீக்கர். அம்மனுக்குக் காது கேட்குமோ கேட்காதோ, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும். 2000-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்து, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று வைத்தது. குறிப்பிட்ட சில நாட்களுக்கு விலக்குக் கொடுக்கவும் இடம் இருக்கிறது. மதகு என்றால் மூடவும் தெரிய வேண்டும் என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் மூடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், திறப்பது யாருக்காக என்பதையும் பேச வேண்டும். இந்தச் சமவெளியில் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர்கள் முறை வைத்துப் பேசினார்கள். மைக் அவர்கள் வரிசையிலேயே போய்வந்துகொண்டிருந்தது. கீழே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து ஏதோ சொன்னார். ஒருவர் காதிலும் விழவில்லை. “சத்தமாச் சொல்லும்மா” என்றார்கள். இரண்டாம் தடவையும் விழவில்லை. மைக் செட் போட வந்திருந்த பையன் தானாகவே ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்தினுள் நடந்து போய், “இதுல பேசுங்க அக்கா” என்று அவர் வாய்க்கு நேரே பிடித்தான். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. குடிதண்ணீர்க் குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார். அது பந்தல் முழுவதும் கேட்டது; மேடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனுக்கு லிலியன்ஃபெல்டையோ அட்டாலாவையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய யோசனை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அவன் அதைக் கொண்டுபோய்விட்டான். தண்ணீரைப் பற்றிய ஒரு வார்த்தை, ஒரு மதகின் வழியாக வெளியே வந்தது. நாலு நாள் கழித்து அந்தக் குழாயில் தண்ணீரும் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.